புவாலாய் வீட்டுப் பூனை

பீமாய்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் சம்ருவாய்க்கு இருந்த ஒரே பெருமை அவளுடைய பூனை மேக். மழை பொய்த்த ஆண்டுகளில் எல்லாம், மழையை அழைக்கக் கூடையில் உட்கார்ந்து ஊர்வலம் போனது அதுதான். அசல் சீசவாத் இனம். உடம்பெல்லாம் மழைமேகச் சாம்பல், மயிர் நுனியில் மட்டும் வெள்ளி மினுங்கும். முகம் வெற்றிலை வடிவம்.

கட்டியவன் போன பிறகு அவளுக்கு அதுதான் துணை. ஈரக்கையால் தடவி உதிர்ந்த மயிரை எடுப்பாள். விராலைச் சுட்டு, முள் பார்த்து, சோற்றில் பிசைந்து வைப்பாள். அதுவும் வேறு மடி ஏறாது. அவள் அடுத்த வீட்டுக் குட்டியைத் தொட்டுவிட்டு வந்தால் சாப்பிடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பொறாமையில் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம் என்று ஊரில் சிரிப்பார்கள். பொய்யில்லை.

இந்த ஆண்டு நாற்று கருகத் தொடங்கியதும், ஊர்த்தலைவர் தோங்தாம் நேரே அடுத்த வீட்டுப் புவாலாயிடம் போய் அவள் பூனையைக் கேட்டுவிட்டார். மேக்குக்கு வயதாகிவிட்டதாம், வெயிலில் அலைக்க வேண்டாமாம். சம்ருவாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. தலைவரை வழியிலேயே மடக்கினாள்.

"அதுக்குக் கண்ணே இன்னும் பச்சையாகல மாமா. குட்டி மாதிரி மஞ்சளாவே முழிக்குது. அதெல்லாம் மழையக் கூப்பிடுமா?"

"கூடைக்குள்ள அழுதாப் போதும்மா. கண்ணு மெதுவாப் பச்சையாகட்டும்."

தன் நாற்றும் சேர்ந்துதான் கருகியது. அது தெரிந்தும், மழை வரக்கூடாது என்று காவல் தெய்வத்துக்குப் பூ வைத்து வேண்டிக்கொண்டாள். வயல் போனால் போகட்டும், அந்தப் பூனைக்குப் பேர் வரக்கூடாது.

ஊர்வலம் மேளத்தோடு வந்தது. வீட்டுக்கு வீடு கை நிறையத் தண்ணீர் தெளித்தார்கள். பூனை அழுதால்தான் மழை. அதுவோ நனைந்த மீசையை நக்கிக்கொண்டு சும்மா இருந்தது. ஒவ்வொரு வீடாகத் தாண்டத் தாண்ட சம்ருவாய்க்கு மூச்சு லேசானது. அழாமல் திரும்பட்டும், அடுத்த முறை மேக்கிடம்தான் வந்து நிற்பார்கள்.

அவள் வாசலில் கூடை நின்றது. முகத்துக்குப் பவுடர் பூசி, புதுப் பாவாடை சுற்றி, கூடைக்கம்பைப் பிடித்திருந்த புவாலாய் குழைந்து சிரித்தாள்.

"அக்கா, உங்க மேக்கவிடச் சமத்தா உக்காந்திருக்குல்ல?"

சம்ருவாய்க்குத் தெளிக்கத்தான் மனம் இருந்தது. கை கேட்கவில்லை. குடத்தைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் கூடைமேல் கவிழ்த்துவிட்டாள். பூனை போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. கூட்டம் கைதட்டியது.

சாயங்காலம் கொட்டித் தீர்த்தது மழை. நாற்றங்கால் நிரம்பி வழிந்தது. தலைவர் நனைந்துகொண்டே அவள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே புவாலாய், ஒரு தட்டு இனிப்போடு, கண் கலங்கி நின்றாள்.

"ஊரே தெளிச்சுது, நீதாம்மா அழ வெச்ச. இனி எப்ப மழை பொய்ச்சாலும் கூடையில அந்தப் பூனைதான். தண்ணி ஊத்துறது உன் கைதான்," என்றார் தலைவர்.

புவாலாய் கைகூப்பினாள். சம்ருவாய் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இதவிடப் பெரிய குடமா வாங்கி வெக்கிறேன் மாமா," என்றாள்.