சாம்பல் புதனிலிருந்து மூன்று நாள்

என் கணவர் காலையில் ஷேவ் செய்வதற்கு முன்னால் ஒரு வாய் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரேசரைப் பிடிக்க முடியாது, கை அப்படி ஆடும். பதினோரு வருடம் இந்தக் கூத்தைப் பார்த்தவள் நான். சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பல ஆண்கள் தவக்காலம் வந்தால் நாற்பது நாள் சரக்கைத் தொட மாட்டார்கள்; ஈஸ்டரன்று பிடித்துக்கொள்வார்கள், அது வேறு கதை. இவர் மட்டும் கறியை விடுகிறேன், மீனை விடுகிறேன் என்று வருடா வருடம் ஏய்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் நான் விடவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை முடிந்ததும், நெற்றியில் சாம்பலோடு, பீடத்துக்கு முன்னால் என் கையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன்.

வீட்டிலிருந்த பாட்டிலையெல்லாம் கழிவறையில் கொட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி, வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என்ன ஒரு பெருமை எனக்கு, சே.

வியாழக்கிழமை அவருக்கு வேர்த்து ஊற்றியது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது. சாயங்காலம் சுவரெல்லாம் எறும்பு, துடைப்பத்தை எடு என்றார். சுவரில் ஒன்றுமில்லை. அதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டுக் குடிக்கக் கடைக்குப் போன ஆள்தானே.

"ஒரே ஒரு மூடி குடுடி. ஆசையில கேக்கல. உள்ள இன்னாவோ ஆவுது, பயமா கீது" என்றார்.

ஆண்டவரிடம் கேளுங்கள் என்று ஜெபமாலையை அவர் கையில் திணித்தேன்.

வெள்ளி காலை சமையலறை வாசலில் விழுந்தார். கண் மேலே சொருகி, பல் கிட்டி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பதற்றத்தில் எனக்குச் சாவித்துவாரம் அகப்படவில்லை. எப்படியோ திறந்து கத்தினேன். மாடி வீட்டுக்காரர்கள் ஓடி வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கடைசியாக எப்போது குடித்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். புதன் காலை ஷேவுக்கு முன்னால், அதன் பிறகு ஒரு சொட்டு நான் விடவில்லை என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"தினம் குடிச்ச உடம்பும்மா. ஒரேடியா நிறுத்தினா மூளை தாங்காது. இங்க சேர்த்து, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். இல்லன்னா உயிரே போயிடும்" என்றார். இரண்டு நாள் போகட்டும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். குடித்தால் ஈரல் என்னவாகும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். நிறுத்தினாலும் ஆள் போவான் என்று தெரியாது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி. குடி என்பது கொழுப்பு, மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் உள்ளே விட்டார்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டதால் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு கிட்ட வரச் சொன்னார்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரி வெளிய நிப்பா. கோவக்காரி. நான் வுழுந்தத பாத்துட்டு குடிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருப்பா. குடிக்கலன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.