லூபோக் சீனா ரேடியோவில் என் பத்து நிமிடம்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. இருந்தும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க அஞ்சுகிறவள் நான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பேசப் போனதற்குக் காரணம் உண்டு. லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் பெண்களுக்கு நான்காம் வகுப்பு வேண்டுமானால் ஐந்து பேராவது சேர வேண்டும் என்றிருந்தார் தோட்டத்தை நடத்தும் துரை. மூன்றாம் வகுப்போடு தாய்மார் பெண்களை நிறுத்தி, கைக்குழந்தையைப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். படித்த பெண் என்று, அந்தத் தாய்மாரிடம் ரேடியோவில் பேச என்னை அழைத்திருந்தார்கள்.

மலாக்காவில் பதினொரு மணிக்குப் பஸ். இருபத்தைந்து மைல், நாற்பது காசு, இரண்டு மணி நேரம். செங் என்ற ஊரைத் தாண்டியதும் ரப்பர் மர வரிசைகளுக்கிடையே பச்சை வெளிச்சம் தண்ணீர்போல் நின்றது. அதனடியில் மிதந்து போவதாகத் தோன்றியது.

"ரேடியோவுக்கா, தங்கச்சி? மெதுவாப் பேசுங்கலா. போன வாரம் ஒருத்தர் கத்துன கத்துல எங்க வீட்டுக் கோழி முட்டையிடல" என்றார் டிரைவர்.

நிலையம் என்பது மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. நடத்துபவர் தோட்டத்துக் கிராணி வேலு. ரப்பர் விலை விழுந்து கணக்கெழுதும் வேலை பாதியானபோது, அனுமதி வாங்கி, ஒலிபரப்புக் கருவியின் பாகங்களை வரவழைத்துத் தாமே பொருத்தினாராம். இசைத்தட்டு வாங்க வசதியில்லை. அதனால் வெறும் பேச்சு. பால்வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் கேட்கும் பெட்டி ஒன்றை வைத்தார். பெட்டிக்குக் காதும் உண்டென்று நினைத்தவர்கள், "எல்லாரும் சுகமா?" என்று அவர் கேட்டதும் ஒவ்வொருவராகச் சுகம் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் பாதிச் செய்தி காதில் விழாமல் போயிற்று. வேலு யாரையும் திருத்தவில்லை. கேள்வி கேட்டால் இருபது எண்ணும்வரை பேச்சை நிறுத்துவது என்று நிலையத்துக்கு விதி வைத்தார்.

நான்கு மணிக்கு மைக் முன் உட்கார்ந்தேன். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் என்ன கஷ்டம் வரும் என்று கேட்டேன். இருபது எண்ணினேன். பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதி வந்த தாளில் எழுத்துகள் எறும்பாக நகர்ந்தன. ஜன்னலில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்து போனது. பத்து நிமிடமும் அப்படியே கழிய, வேலு கருவியை அணைத்தார்.

மன்னிப்புக் கேட்க இரண்டு மைல் நடந்து தோட்டத்துக்குப் போனேன். கொட்டகையில் பெண்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் கஷ்டங்களைச் சொன்னார்களாம். பெட்டி மேலும் காத்திருக்கவே, கைக்குழந்தைகளை யார் யார் முறைவைத்துப் பார்ப்பது என்று தங்களுக்குள் தீர்க்கத் தொடங்கி, வகுப்பில் சேர்க்க நான்கு பெண்களின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மாரியாயி என்ற பால்வெட்டுக்காரி மட்டும் தன் மகளை அனுப்ப இசையவில்லை.

நான் காத்திருக்கவில்லை, பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை.

"ஒனக்குப் பேச்சு வராட்டி என்ன தாயி, எங்களுக்கு வந்துச்சில்ல. இம்புட்டு நேரம் யாரு எங்களப் பேச விட்டா? எழுதிக்க, எம்மவ பேரு காளியம்மா."

திரும்பும் கடைசிப் பஸ் ஆறரைக்கு. குடை கொண்டுபோங்கள், தோட்டச் சாலையில் நிழல் உண்டு, மழைக்கு ஒதுங்க இடமில்லை. ரேடியோவில் பேசப் போகிறவர்கள் தாளை வாசித்து முடிக்க அவசரப்பட வேண்டாம். வகுப்பு தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் போவதானால் மலாக்காவிலேயே சிலேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், லூபோக் சீனாவில் கிடைப்பதில்லை. நான் கொடுத்த ஐந்து போதவில்லை. இப்போது ஏழு பேர்.