அண்ணனுக்காக வெட்டிய கை

எனக்குக் கவலைப்படத் தனியாகக் காரணம் எதுவும் வேண்டாம். சாரல் விழுந்தால் கரண்ட் போய்விடுமே என்று கவலை, விழாவிட்டால் அருவி சீசன் பொய்த்துவிடுமே என்று கவலை. அப்படிப்பட்ட நான் இந்த வேலையில் ஏன் இறங்கினேனோ.

ஆலங்குளம் ரோட்டில் நடந்த விபத்தில் அண்ணனுக்கு இடது கை போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் முழுக்கைச் சட்டைதான். குளிப்பது, சட்டை மாற்றுவது எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டில் அம்மாகூட அந்தக் கையைப் பார்த்ததில்லை. காட்டு என்று கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. சாயங்காலமானால் என் அறைக்கு மட்டும் வருவான். பள்ளி நாட்களில் நாங்கள் மாறி மாறி ஆடிய பழைய வாள்சண்டை கேமை நான் கம்ப்யூட்டரில் ஆடுவேன், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பிடித்த வீரனை நான் எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

அந்த வீரனையும் ஒற்றைக் கையனாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது.

கேமின் ஃபைலுக்குள் அந்த வீரனின் உடம்பு வெறும் எண்களாகத்தான் கிடந்தது. எது எதற்கு என்று சொல்ல ஆளில்லை. ஒரு எண்ணை மாற்றி, கேமை ஓட்டி, எது நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஒருமுறை மூக்கு நீண்டு கூரையைத் தொட்டது. இன்னொருமுறை இரண்டு கால்களும் கழுத்திலிருந்து தொங்கின. அந்த எண்கள் குறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் உருவத்தின் எந்த எலும்போடு ஒட்டியிருக்கிறது என்பது ஒருவழியாகப் பிடிபட்டது. இடது முழங்கைக்குக் கீழே உள்ள புள்ளிகளை நீக்கினேன். கை போய்விட்டது. ஆனால் வெட்டிய இடம் ஓட்டையாக இருந்தது, உடம்புக்குள் ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. அதை எப்படி மூடுவது? அண்ணனுடைய கை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது. டப்பாவுக்கு மூடி போடுவதுபோல் தட்டையாக அடைத்து வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்துவிட்டால்? கேலி செய்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டால்? வருகிற ஒரே அறைக்கும் வராமல் போய்விடுவான். அழித்துவிடலாம் என்று மவுஸை எடுத்தபோது அவனே உள்ளே வந்துவிட்டான்.

"யாருலே இது?"

"ஒன் ஆளுதாண்ணே."

"கைய நீதான் வெட்டுனியா?"

"ஆமாண்ணே. வேண்டாம்னா பழச இப்பவே போட்டுருதேன்."

அவன் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"தப்பா வெட்டிருக்கலே. எனக்கு மொழங்கையோட போகல. அதுக்குக் கீழயும் கொஞ்சம் இருக்கு."

"எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டோம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் இடது பக்கச் சட்டைக்கையை மேலே தள்ளினான். நான் கண்ணை ஸ்கிரீனைவிட்டு எடுக்கவில்லை.

"அங்கன என்ன பாக்க? இங்கன பாரு. முனை இப்படித் தட்டையாவா இருக்கு?"

பார்த்தேன். உருண்டையாக இருந்தது. தையல் போட்ட பக்கம் மட்டும் தோல் உள்ளே இழுத்திருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினான், நான் பார்த்துப் பார்த்துப் புள்ளிகளை நகர்த்தினேன்.

காபி கொண்டுவந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சட்டைக்கையை இறக்கவில்லை.