இரவல் வெல்டிங் மிஷின்

ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசை வீட்டின் இரும்புக் கேட்டு ஒருநாள் கீலோடு பெயர்ந்து விழுந்தது. நான் அதில் ஏறி ஊஞ்சல் ஆடியதற்கும் அது விழுந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

அப்பா லோரி ஓட்டுநர். உடைந்த பொருளைப் பார்த்தால் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிடும். பாகான் டாலாமில் இருக்கும் கூட்டாளி ஒருவரிடமிருந்து வெல்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது, பிடித்தால் விலைக்கு எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

"பசார் பக்கத்துல சீனர் கடையில குடுத்தா அரை மணி நேர வேலைலா. ஒரு கேட்டுக்கு ஒரு மிஷினா?" என்றார் அம்மா.

"வாங்கிப் போட்டா எல்லாத்துக்கும் ஆகும். கேட்டு, நாற்காலி, தம்பியோட சைக்கிள்..."

சைக்கிள் என்றதும் நான் அப்பா கட்சியில் சேர்ந்தேன். என் சைக்கிளின் பின்கேரியர் உடைந்து கிடந்தது.

அப்பா பற்றவைத்தார். பொறி தெரு வரைக்கும் பறந்தது. கேட்டு மட்டும் ஒட்டவில்லை. வெல்டிங் குச்சிதான் கேட்டோடு ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமைக்குள் கீலைச் சுற்றிக் காக்கை எச்சமிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்று பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து வந்த அம்மா, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அங்கே நாள் முழுக்க மயிரிழைக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டுவதுதான் அவர் வேலை. பையை மாட்டிவிட்டு, "நவுருங்க" என்று முகமூடியை வாங்கிக்கொண்டார். முதலில் அவருக்கும் குச்சி ஒட்டிக்கொண்டது. அப்புறம் பிடிபட்டுவிட்டது. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு நேர்க்கோடு; கேட்டு நின்றது.

"பாத்தியா, நல்ல மிஷின்" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். "நாளைக்குச் சொல்றேன்."

இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும் என்று எனக்குப் பட்டது. மிஷின் சும்மா கிடக்காது என்று காட்டிவிட்டால் அம்மா வாங்கச் சம்மதித்துவிடுவார். அன்று மாலையே வீடு வீடாகப் போய், "எங்கம்மா எதையும் ஒட்டித் தருவாங்க, காசு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. வாரத்தில் அம்மா விடிந்த பிறகும் தூங்குகிற ஒரே நாள். அதிகாலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடும் ஸ்டாண்டோடு வந்துவிட்டார். பின்னால் எதிர்வீட்டு மாமா, சாத்தே இறைச்சி சுடும் அடுப்போடு. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் கடைசி வீட்டு மலாய்க்கார அத்தை மூன்று கால் நாற்காலியோடு.

கலைந்த முடியோடு அம்மா வாசலுக்கு வந்தார்.

"பாரு, எத்தன பேருக்கு ஆகுது. வாங்கிடலாம்லா" என்றார் அப்பா. நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அம்மா எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தார், என் கேரியர் உட்பட. உச்சி வெயிலில் முகமூடியைக் கழற்றி அப்பா கையில் வைத்தார்.

"இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுங்க."

அப்பா மிஷினை லோரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே காலையில் இத்தனை வேலை செய்த மிஷினைப் போய் வேண்டாம் என்கிறாரே, பாவம், அம்மாவுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடு உள்ளே போய், "ம்மா, பசிக்குது" என்றேன்.