வெட்டாத கரை

நான் பொய் சொன்னேன். குளக்கரையை வெட்ட நேரம் இருந்தது. இருந்தும் வெட்டாமல் நின்றேன்... உங்களைத் தவிர வேறெவரிடமும் இதைச் சொன்னதில்லை.

இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே பள்ளத்தில் கிடக்கும் ஊர் எங்களுடையது. பெருமழையென்றால் குளம் உடையும், வீடுகள் போகும். சுதந்திரம் வந்த புதிதில் அய்யாவழிக்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் ஒன்றாக அமர்ந்து ஒரு முடிவெடுத்தோம். தண்ணீர் அடையாளக் கல்லைத் தொட்டால் மேற்குக் கரையை நாமே வெட்டிவிடுவது. வெள்ளம் என் வயல் வழியே ஆற்றுக்குப் போய்விடும். அழியும் என் விளைச்சலுக்கு ஈடாக வீட்டுக்கு வீடு நெல் தருவார்கள். காவலும் வெட்டும் பொறுப்பும் எனக்கு. முழுமனத்தோடுதான் சம்மதித்தேன்!

அந்தப் புரட்டாசியில் முதல்போகமான கன்னிப்பூ நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுப்புக்கு ஆள் சொல்லியாயிற்று. நண்பகலில் மழை பிடித்தது. தண்ணீர் கல்லைத் தொட்டதைக் கண்டேன். கையில் மண்வெட்டி இருந்தது.

ஊரார் வாக்கை ஏன் நம்பவில்லை? மழை விட்டுவிடுமென்று ஏன் காத்திருந்தேன்? கல் மூழ்கியது. நான் நெல்லைப் பார்த்தபடி நின்றேன்...

கிழக்கே, வீடுகளின் பக்கம், கரை உடைந்தது.

தங்கையன் என் உயிர்த்தோழன். மனைவியையும் குழந்தையையும் மேட்டில் ஏற்றிவிட்டுப் பசுவை அவிழ்க்கத் திரும்பியவன்மேல் மண்சுவர் சரிந்தது. உயிர் மிஞ்சியது. ஒரு கால் போயிற்று.

ஊர்க்கூட்டத்தில் சொன்னேன்: “கல்லத் தொட்டதும் வெட்ட ஓடுனேன் மக்கா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள கரை போயிட்டு.”

நம்பினார்கள்! கட்டிலோடு தூக்கிவந்திருந்த தங்கையன்தான் எனக்காகப் பேசினான்.

“அவன ஒத்தைக்கு நிறுத்துனது நம்ம தப்புல்லா? பயந்திருப்பான், பாவம். இனி ரெண்டு பேரா நிக்கணும். கல்லையும் கீழ எறக்கி நடணும்.”

அப்படியே செய்தார்கள். மழை வலுத்தால் கோயில் மணியை அடிப்பதென்றும், கன்றுகாலிகளை முன்னதாகவே மேட்டில் கட்டுவதென்றும் பெண்கள் சேர்த்துச் சொன்னார்கள். என் பொய்யிலிருந்து ஊர் பாடம் படித்தது... அதனால் பொய் நல்லதாகிவிடுமா? தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பெருமழை. இரண்டாம் ஆளாகத் தங்கையன் கோலூன்றி என் அருகில் நின்றான். தண்ணீர் கல்லைத் தொட்டது.

“வெட்டுலே மக்கா,” என்றான். வெட்டினேன். என் நெல் முழுவதும் மூழ்கியது. ஒரு வீடும் விழவில்லை.

மற்றவர்கள் வயலில் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு நெல் வந்தது. சொன்ன வாக்கை ஒருவரும் மறக்கவில்லை! கடைசியாகத் தூறலில் நனைந்தபடி தங்கையனின் மனைவி ஒரு நார்ப்பெட்டியோடு வந்தாள்.

“கொஞ்சந்தான் அண்ணாச்சி. குறைவா நெனைக்காதீங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்...

“உள்ள கேறி வா மக்களே, நனையாத,” என்றுதான் வந்தது.

பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவள் தந்ததையும் சேர்த்து, ஊரார் நெல்லைத்தான் தை அறுப்பு வரைக்கும் உண்டோம்.