குட்டிகள் இல்லாத சேறு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் ‘சல்லடை’ என்று பெயர். கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்று உருளைகள் அவர் மேசைக்கு வரும். துண்டு போட்டு ஊறவைப்பார். சல்லடையில் கழுவி உலர்த்தி, மிஞ்சியதைக் கறுப்புத் தட்டில் பரப்புவார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, நனைந்த தூரிகை நுனியால் கடுகளவு ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஒற்றைச் செல் உயிர்கள் விட்டுப்போன ஓடுகள். ஒரு வகை சேற்றில் வாழும். இன்னொரு வகைக்கு வெயிலும் தெளிந்த நீரும் பவளமும் வேண்டும். எந்த அடுக்கில் எது கிடக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே எப்படிப்பட்ட கடல் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

துறைமுகத்துக்கு அடியிலிருந்து வந்த ஓர் உருளையில், கரிய சேற்றுக்கு நடுவே, நட்சத்திர வடிவ ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பவளத்திட்டில் வாழ்பவை. இங்கே ஒரு பவளத்திட்டு இருந்து செத்திருக்கிறது என்று அவர் கட்டுரை எழுதினார். எங்கிருந்தோ அலை அடித்துக்கொண்டு வந்து போட்டிருக்கும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தத் திட்டுதான் எல்லாம். பிடித்த பிடி உடும்புப் பிடி.

“ஊருல எல்லாரும் வீடு கட்டுறாங்க. இந்த மனுஷன் கடலுக்கடியில கட்டிட்டிருக்கார்” என்பாள் மனைவி, வருகிறவர்கள் எல்லோரிடமும்.

இருவர் வாதமும் ஒரே கேள்வியில் நின்றது. அங்கேயே வாழ்ந்தவை என்றால் பெரியவற்றோடு குட்டிகளும் கிடக்க வேண்டும். அலை கொண்டுவந்தது என்றால் அளவு பார்த்துப் பிரித்துப் போட்டிருக்கும். அவர் கையாண்டதோ பெரிய கண் சல்லடை. சின்னக் கண் சேற்றில் அடைத்துக்கொள்ளும், வேலை இழுக்கும், வகை சொல்லப் பெரிய ஓடு போதும் என்று அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பழக்கிவிட்டிருந்தார்கள். குட்டிகள் இருந்திருந்தால் அவர் கையாலேயே குழாய்த் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும். அது உறைத்தபோது உருளையில் ஒரு துண்டுதான் மிச்சம். அதை அவர் தொடவேயில்லை. கழுவிப் பார்க்கப் பயம் என்று மகளுக்குத் தோன்றியதுண்டு. கேட்டதில்லை.

மகளுக்கும் அதே படிப்பு, வேறு ஊரில் அதே வேலை. நுரையீரலில் புற்று என்று தெரிந்து, ஆஸ்பத்திரி கைவிரித்து, வீட்டு முன்னறையில் ஆக்ஸிஜன் குழாயோடு அவர் படுத்த பிறகு, அவளை அழைத்தார்.

“அந்தத் துண்டைக் கழுவிடும்மா. சின்னக் கண்ணுல. என் கையில தூரிகை நிக்க மாட்டேங்குது.”

அவள் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கழுவினாள். தண்ணீரை நூல் போல விட்டாள். சல்லடை அடைத்துக்கொண்ட போதெல்லாம் அடியில் தட்டித் தட்டிக் காத்திருந்தாள். முதல் தட்டிலேயே நட்சத்திரங்கள் வந்தன. எல்லாம் ஒரே அளவு. கைகள் முறிந்து, ஓரம் மழுங்கி, உருண்டு வந்த கூழாங்கல் மாதிரி. சின்னக் கண்ணில் தங்கிய நுண்ணியதில் சேற்றுவாசிகள் மட்டும், தாயும் பிள்ளையுமாகக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தன. நட்சத்திரக் குட்டி ஒன்றுகூட இல்லை. தட்டை இன்னொரு முறை பார்த்தாள். பக்கத்து மேசைக்காரரையும் பார்க்கச் சொன்னாள். இல்லை.

வழியெல்லாம் பொய் ஒன்றைக் கட்டிக்கொண்டே வந்தாள். ஒன்று இருந்தது என்றால் படம் கேட்பார். படம் இல்லை என்றால் புரிந்துகொள்வார். அந்தப் பொய் வாசல் வரைகூடத் தாங்கவில்லை.

அவர் முதலில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று விசாரித்தார். பிறகுதான் கேட்டார்.

“குட்டி இருந்துச்சா?”

“இல்லப்பா.”

“முனை?”

“முறிஞ்சிருக்கு. எல்லாத்துலயும்.”

“வேகமா தண்ணி விட்டா சின்னது நசுங்கிப் போயிடும்.”

“மெதுவாத்தான் விட்டேன். சேத்துல இருக்கறதோட குட்டியெல்லாம் முழுசா இருக்கு.”

ஆக்ஸிஜன் குப்பியில் நீர் மாற்ற வந்த அம்மா, முகங்களைப் பார்த்து விஷயத்தை ஊகித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “அடிச்சுட்டு வந்துதுன்னா, எங்கயோ ஒரு திட்டு இருந்திருக்குதானேங்க” என்றாள்.

“எங்கயோ இருந்துதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் அவர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மகளிடம், “தப்புன்னு எழுதிடு. நானே எழுதியிருக்கணும்.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் கஞ்சியும் இறங்கவில்லை. வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் அவள் எழுதினாள். தரவு, படம், முடிவு. தேவையில்லாத சொல் ஒன்றும் இல்லை. அவர் கட்டுரை வந்த அதே இதழுக்கு அனுப்பினாள். ஆசிரியர் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்: முதல் கட்டுரையை இதுவரை யாரும் மேற்கோள் காட்டியதில்லை; அதை மறுத்து ஒன்றை வெளியிட இடமில்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “என்ன சொன்னாங்க?”

“வேணாமாம்.”

“அப்ப அவர் சொன்னது அப்படியே இருக்குமா?”

“அப்படியே இருக்கும்மா. யாரும் படிக்க மாட்டாங்க.”

அம்மா மடித்துக்கொண்டிருந்தது அவருடைய சட்டை. அதை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.