எழுபத்தைந்து மீட்டர்

போன வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது, எங்களுக்கு முன்னால் லோடு ஏற்றிப் போன லாரி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டிரைவர் மறுபடி எடுக்க முயன்றதில் க்ளட்ச் கருகியது. நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்னங்க, இந்த நாத்தத்துக்குப் போயி கண்ணாடிய எறக்குறீக?" என்று மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தாளும் முடியும் சேர்ந்து தீய்ந்த மாதிரியான அந்த வாடையை ஒரு காலத்தில் நான் சட்டையில் சுமந்து திரிந்திருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அம்மா பட்டாசுக் கம்பெனியிலிருந்து மருந்து வாடையோடு வருவாள். அப்பா அச்சகத்திலிருந்து மை வாடையோடு. நான் காலேஜிலிருந்து க்ளட்ச் வாடையோடு. எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் வாசலில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

மெக்கானிக்கல் படித்த காலம் அது. காலேஜில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு ரேஸ் கார் செய்தோம். ரேஸ் கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரும்புக் குழாய்களை வெல்டு வைத்த ஒரு கூடு, அதில் பைக் இன்ஜின், நாலு சக்கரம். உட்கார்ந்தால் தெருநாய் நம்மைக் குனிந்து பார்க்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த மாணவர் போட்டிக்கு அதைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அங்கே பல சுற்றுகள் உண்டு என்றாலும் எங்களுக்குப் பித்துப்பிடித்தது ஒன்றில்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் எழுபத்தைந்து மீட்டர். கண்ணில் விழுந்த தூசியைத் தேய்த்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

டீமுக்குக் கேப்டன் கதிரேசன். ஆனைக்குட்டம் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன். எங்கள் தாத்தா அவர்களைப் போன்றவர்களின் காட்டில் வேலை பார்த்தவர். நானும் கதிரேசனும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கொஞ்சம் தேவைக்கு மேலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் ஓட்டம் அவன் ஊர்ப் பக்கத்தில், பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு இடத்தில் நடந்தது. கரிசல் காட்டுக்கு நடுவே நல்ல தார் ரோடு, இருபக்கமும் வெள்ளைக் கல். கதிரேசன் இன்ஜினை அலறவிட்டு க்ளட்சைச் சட்டென்று விட்டான். பின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. புகை வந்தது, கார் வரவில்லை. சத்தம் ராக்கெட், ஓட்டம் தரைச்சக்கரம்.

"இன்ஜின் பத்தாதுலே. பெரிசா போடணும்" என்றார்கள் எல்லோரும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கிற பலமே தரைக்குப் போய்ச் சேரவில்லையே, இன்னும் கூட்டி என்ன செய்ய? கார் எவ்வளவு பெரிய சத்தம் போட்டாலும் ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு பின் டயரிலும் உள்ளங்கை அகலம்தான். அந்த இரண்டு உள்ளங்கைகள் தரையைப் பிடித்தால்தான் கார் பாயும். அப்பா அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் கொண்டுவருவார், ஒரு பக்கம் பட்டாசு லேபிள் அச்சாகி நிறம் தப்பிய தாள். டயரில் மை தடவி, காரை ஜாக்கியிலிருந்து மெல்ல அந்தத் தாளின் மேல் இறக்கினேன். காற்றைக் குறைக்கக் குறைக்கத் தடம் அகலமானது. ரொம்பக் குறைத்தால் நடுப்பகுதி வெளிறியது. எந்த அளவில் தடம் முழுசாக விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கட்டுத் தாள் தீர்ந்தது.

பிறகு பாரம். பஸ் எடுக்கும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா, காரின் பாரமும் அப்படித்தான் பின்னால் சாயும். சாய்ந்தால் பின் டயர் இன்னும் அழுத்திப் பிடிக்கும். அதனால் பேட்டரியைப் பின்னால் தள்ளினோம். இழுவை கூடுவதற்காகப் பின்பக்கம் சங்கிலிக்குப் பெரிய பல்சக்கரம் மாட்டினோம். கடைசியாக க்ளட்ச். இன்ஜின் வேகம் குறைவாக இருக்கும்போது விட்டால் கார் முக்கி அமுங்கும். அதிகமானால் டயர் சுற்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு சத்தம் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் க்ளட்சைப் பாதி விட்டு, டயர் பிடிப்பதை இடுப்பில் உணர்ந்து மீதியை விடவேண்டும். அது எனக்கு வாய்த்தது.

இன்னொன்றும் வாய்த்திருந்தது. என் எடை நாற்பத்தாறு கிலோ. பள்ளிக்கூடத்திலிருந்து "ஊசிவெடி" என்று கூப்பிட்டுக் கேலி செய்த உடம்பு, முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது. கதிரேசன் எழுபத்தெட்டு. அவன்தான் என் தோளில் கைபோட்டுச் சொன்னான். "நீதாம்லே ஓட்டப் போற. ஃபாரத்துல உம்பேரக் குடுத்தாச்சு."

எடை ஏறிவிடக் கூடாதென்று அடுத்த இரண்டு மாதம் நான் விருதுநகர் பொரிச்ச பரோட்டாவைக் கண்ணால் மட்டுமே தின்றேன். மற்றவர்கள் சால்னாவில் பிய்த்துப் போடும்போது எதிரே வெறும் டீயோடு உட்கார்ந்திருப்பேன். கிளம்பும் விதத்தைத் தனக்கும் சொல்லித் தரச் சொன்னான் கதிரேசன். "சும்மா தெரிஞ்சுக்கிடுதேன்லே" என்றான். காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் அவன் காதுக்குப் பிடிபடும்வரை சொல்லிக்கொடுத்தேன். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

போட்டி மைதானத்தில் ஒரு பலகையில் டிரைவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. எங்கள் காலேஜுக்கு நேரே கதிரேசன் பெயர். பிழை என்று நினைத்து, மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் ஃபாரத்தையே எடுத்துக் காட்டினார். என் தோளில் கைபோட்ட அதே வாரத்தில் கொடுத்தது. அவன் பெயர், அவன் கையெழுத்து.

காருக்குத் திரும்பிப் போனால், கதிரேசன் டிரைவர் உடுப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தொளதொளவென்று இருக்குமே என்று நான் கவலைப்பட்ட உடுப்பு. அவனுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தது.

"என்னலே இது?"

"அய்யா வந்திருக்காகலே. டயரு வாங்கிக் குடுத்ததே நான் ஓட்டுறதப் பாக்கத்தான்."

தூரத்தில் வேலிக்கு அப்பால் அவன் அப்பா வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ இம்புட்டு வேல பாத்திருப்பியாலே?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற குரலில், மெதுவாகத்தான் சொன்னான். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டான். "காத்து எம்புட்டு வைக்கணும்?"

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், கார் நின்ற இடத்திலேயே புகைந்திருக்கும். நான் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தேன். "வெயில் ஏறிருச்சு. சூட்டுல காத்து கூடும். கொஞ்சம் எறக்கணும்" என்று சொல்லி, நானே இறக்கியும் விட்டேன்.

அவன் கிளம்பும் கோட்டில் காரை நிறுத்தினான். சத்தம் ஏறி, சரியான இடத்துக்கு வந்து நின்றது. கார் ஒரு பொட்டுப் புகையில்லாமல் பாய்ந்தது. நான் கைதட்டிவிட்டேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்து, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

அந்தச் சுற்றில் மூன்றாவது இடம். திரும்பி வரும்போது வழியில் வேனை நிறுத்தினார்கள். கதிரேசன் டீ வாங்கி வந்து என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். என் பெயரை எழுதாததை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். அந்த டீயை வாங்கிக் குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மறுநாளிலிருந்து கார் ஷெட்டுக்கு நான் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. படிப்பு முடிந்ததும் அவனுக்குக் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் விருதுநகரில் வீல் அலைன்மென்ட் கடை வைத்தேன்.

அந்தக் காலேஜில் பையன்கள் சேராமல் மூடிவிட்டார்கள். காரை அறுத்து எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. நாங்கள் ஓட்டிப் பார்த்த தார் ரோட்டின் இருபக்கமும் வீடுகள் எழும்பிவிட்டன. இதெல்லாம் எங்கும் நடப்பதுதான்.

சமீபத்தில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆண்டுவிழா நடனத்தில் அவளும் ஆடுகிறாள். பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன்.

"அதெல்லாம் சேத்தாச்சு சார்" என்றார் டீச்சர்.

"அந்தத் தாளக் கொஞ்சம் காட்டுறீகளா டீச்சர்?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் காட்டினார். பெயர் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "டீச்சர் பொய் சொல்லுவாகளாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

முன்பெல்லாம் நான் இப்படித் தாளைக் கேட்கிற ஆள் இல்லை. அந்தப் பழைய ஆளை அவள் பார்த்ததில்லை.